பிரிட்டனி மீன்பிடித் துறைமுகத்தில் விடுமுறை வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் மேற்குக் கோடியில், பிரிட்டனி பகுதியில் இருக்கிறது ஃபினிஸ்தேர் மாவட்டம். அதன் தென்மேற்கு மூலையில் கில்வினெக் என்றொரு துறைமுகம். விசைப்படகு, ஏலக்கூடம், ஐஸ் என்று ஊரே மீனை நம்பி ஓடுகிறது. கோடையில் இங்கே வாரக்கணக்கில் வீடு எடுத்துத் தங்குவோர் பலர். அவர்களில் ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள், இதைக் கடற்கரை உல்லாச ஊர் என்று நினைத்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். இது வேலை நடக்கிற ஊர். அதைத் தெரிந்துகொண்டு வீடு தேடினால் பாதிச் சிக்கல் வராது.

விளம்பரத்தில் இருக்கும் படத்தை அப்படியே நம்புவதுதான் பெரிய தவறு. எந்த வீட்டுக்காரரும் கடல் ஏறி நிற்கும்போதுதான் படம் எடுப்பார். ஆறு மணி நேரம் கழித்து அதே ஜன்னலில் பார்த்தால் பாறையும் பாசியும் சேறும் தெரியும். பாசி நாற்றமும் வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இந்தப் பக்கம் கடல் மட்டம் 4, 5 மீட்டர் ஏறி இறங்கும். பிரிட்டனியின் வடகரையில் உள்ள சான் மாலோவில் அது 12 மீட்டரையே தாண்டுவதுண்டு. ஏற்றவற்றத்தின் வலிமையை இங்கே 20 முதல் 120 வரையுள்ள ஒரு குறியெண்ணால் சொல்கிறார்கள். எண் கூடக் கூட, கடல் அவ்வளவு தூரம் உள்வாங்கும். தங்கப்போகும் வாரத்தின் அட்டவணையை இணையத்தில் பார்த்துவிடுங்கள். நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். திங்களன்று காலையில் குளித்தோமே என்று வெள்ளியன்றும் அதே நேரத்துக்குப் போனால் தண்ணீரைத் தேடி நடக்க வேண்டியிருக்கும்.

'கடலுக்கு 100 மீட்டர்' என்ற வரியையும் சந்தேகத்தோடு படியுங்கள். அந்தக் கடல் துறைமுகத்துத் தண்ணீராக இருக்கலாம். டீசல் மிதக்கிற இடத்தில் யார் குளிப்பது? கில்வினெக்கில் துறைமுகத்துக்கு எதிர்க்கரை லேஷியகா. மணல்மேடும் நீண்ட மணற்கரையும் அந்தப் பக்கம்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே தேடலாம். படகு பார்க்கும் ஆசைதான் பெரிது என்றால் படகுத்துறையை ஒட்டி எடுங்கள், ஆனால் தூக்கத்தைப் பற்றி அப்புறம் குறை சொல்லக்கூடாது. விடியுமுன்பே என்ஜின் சத்தம் கேட்கும். அது ஓய்ந்தால் கூரையில் கடற்காகங்கள் கத்தும். ஜூன் கடைசியில் சூரியன் மறைவதே இரவு 10 மணிக்கு மேல் என்பதால், படுக்கையறை ஜன்னலுக்கு மரக்கதவு உண்டா என்று கேட்பது நல்லது.

பணத்தில் ஏமாறாமல் இருக்க, முன்பணம் எந்த வகை என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் இரண்டு வகை உண்டு. 'ஆர்' என்று எழுதியிருந்தால், வேண்டாம் என்று விலகும்போது அந்தத் தொகை மட்டும் போகும். வீட்டுக்காரர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 'அகோன்த்' என்றிருந்தால் ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டிவிடும், நீங்கள் வராமல் போனாலும் முழு வாடகையையும் கேட்கலாம். அந்த ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். படுக்கை விரிப்பு, துண்டு, கடைசி நாள் துப்புரவு ஆகியவை பல வீடுகளில் வாடகையில் சேராது. பெரியவர்களுக்குத் தலைக்கு இத்தனை என்று இரவுக்கணக்கில் தங்கல் வரி தனி. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. சாவி வாங்கியதும் உடைசல், கறை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவையுங்கள், டெபாசிட் திரும்பி வரும்போது வாக்குவாதம் இருக்காது.

காரில்லாமல் வருவதும் யோசிக்க வேண்டிய விஷயம். பாரிஸிலிருந்து கெம்பேர் வரை அதிவேக ரயில் நாலு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விடும். அங்கிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம் பஸ்தான், ஞாயிறன்று அதுவும் குறைவு. ஆகஸ்டிலும் கடல்நீர் 17, 18 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. மழைக்கோட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஒரு தவறு மட்டும் உயிரோடு விளையாடுவது. பக்கத்து ஊரான சான் கெனொலேயில் அலை பார்ப்பதற்கென்றே கூட்டம் பாறை ஏறும். 1870 அக்டோபரில் மாவட்ட ஆட்சியரின் மனைவி, மகள் உட்பட ஐந்து பேரை அங்கே ஓர் அலை இழுத்துக்கொண்டு போனது. பாறை ஈரமாக இருந்தால், அலை அதுவரை வந்துபோகிறது என்றுதான் அர்த்தம். செல்ஃபிக்காக அந்த ஈரத்தைத் தாண்டாதீர்கள். அருகிலுள்ள லா தோர்ஷ் கடற்கரை அலைச்சறுக்கு வீரர்களுக்கான இடம், நீரோட்டம் கடுமையானது. நீச்சலுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கடைசியாக, கில்வினெக்கின் சிறப்பையே தவறவிடும் தவறு. கோடையில் பல வீடுகள் சனி முதல் சனி வரைதான் கிடைக்கும். வந்து இறங்கிய கையோடு துறைமுகத்துக்கு ஓடுவார்கள். சனியும் ஞாயிறும் அங்கே படகுகள் சும்மா கட்டிக் கிடக்கும். கரையோர விசைப்படகுகள் மீனோடு திரும்புவது வாரநாட்களில், மாலை நாலரை மணிவாக்கில். ஏலக்கூடத்தை ஒட்டியுள்ள ஆலியோதிகா என்ற மீன்பிடித் தொழில் விளக்க மையத்தின் மாடியிலிருந்து அதைப் பார்க்கலாம். ஏலத்தில் நாம் கை தூக்க முடியாது, அது பதிவுபெற்ற வியாபாரிகளுக்கு மட்டும். பக்கத்து மீன்கடையில் லாங்குஸ்தீன் கேளுங்கள்: இறால் இனம்தான், ஆனால் நீண்டு மெலிந்த கொடுக்கோடு இருக்கும், உயிரோடு துள்ள வேண்டும். நன்றாக உப்பிட்ட நீர் கொதித்ததும் போட்டு, மறுபடி கொதி வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். மிளகாய்த்தூளை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.