மலையகப் புகையிரதப் பாதையைத் திருத்தும்போது எங்கிருந்து தொடங்குவது

2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தபோது, நல்ல பாதை ஒரு பயணத்தை எவ்வளவு மாற்றும் என்பதை நாங்கள் நேரில் கண்டோம். ஆனால் சமதளத்தில் பெரும்பாலும் நேராகச் செல்லும் வடக்குப் பாதையில் செய்த வேலையை, 1924 இல் பதுளையை எட்டிய மலையகப் பாதையில் அப்படியே செய்ய முடியாது. அங்கே 44 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றமும், ஏறத்தாழ 100 மீற்றர் ஆரையுள்ள வளைவுகளும் உள்ளன; பட்டிப்பொலவுக்கு அருகில் பாதை 1,898 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது.

முதல் வேலை தண்டவாளத்தில் அல்ல, தண்ணீரில். மழை கொட்டும் நாளில் பாதை நெடுக நடந்து, நீர் எங்கே தேங்குகிறது, எந்த மதகு அடைபட்டிருக்கிறது, வெட்டிய சரிவின் மேலிருந்து எங்கே வழிகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சரிவின் தலைப்பில் ஒரு வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பிவிட்டால், கீழே கட்டும் எந்தச் சுவரையும்விட அது மண்சரிவைக் குறைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழையும் ஊவாப் பக்கத்தில் வடகீழ் பருவமழையும் வலுவாகப் பெய்வதால், ஒவ்வொரு பக்கத்து வடிகால் வேலையையும் அதனதன் மழைக்கு முன்னரே முடித்துவிட வேண்டும்.

தண்டவாளத்துக்கு அடியில் பரப்பிய சல்லியில் சேறு கலந்துவிட்டால், அதை எத்தனை முறை இடித்து இறுக்கினாலும் அது நிற்காது. அதை அள்ளிச் சலித்து, குறைவுக்குப் புதுக் கருங்கல் சல்லி இட்ட பின்னரே உக்கிய சிலிப்பர் கட்டைகளை மாற்றுங்கள். வளைவில் சக்கரம் வெளித் தண்டவாளத்தின் உட்பக்கத்தைத் தேய்ப்பதால் அங்கே கிறீஸ் பூச வேண்டும், ஆனால் அது மேற்பரப்பில் படக்கூடாது. பட்டால் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும், இறக்கத்தில் பிறேக் பிடிக்காது.

இனி வேகம். வளைவில் வெளித் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்துவது என்பதை அறிய, இரு தண்டவாளங்களின் நடுவிடைத் தூரமான ஏறத்தாழ 1,750 மில்லிமீற்றரை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 127 ஐ ஆரையால் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 100 மீற்றர் ஆரைக்கு, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் 124 மில்லிமீற்றர் வரும்; 40 கிலோமீற்றரில் அதுவே 220 ஆகிவிடும். அவ்வளவு உயர்த்தினால், ஏற்றத்தில் மெல்ல ஊர்ந்து வரும் பாரமான வண்டி உள் தண்டவாளத்தை நசுக்கும். ஆகவே கூரிய வளைவில் வேகத்தைக் கூட்ட முயலாமல், பழுதினால் வேகம் குறைக்கப்பட்ட இடங்களைத் தேடுங்கள். மணிக்கு 15 கிலோமீற்றரில் கடக்கும் ஒரு கிலோமீற்றரை 30 கிலோமீற்றருக்கு உயர்த்தினால் இரண்டு நிமிடம் மிஞ்சும். அத்தகைய பத்து இடங்களைச் சீராக்கினால் இருபது நிமிடம். வளைவின் இரு முனைகளிலும் உயரம் படிப்படியாக ஏறி இறங்குகிறதா என்பதையும் அளந்து பாருங்கள், ஏனெனில் உயரம் திடீரென மாறும் முறுக்கில் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறித் தடம் புரண்டுவிடும்.

வேலை முடிந்த அன்றே வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிடாதீர்கள். வண்டிகள் சில நாட்கள் மெதுவாகச் சென்று சல்லி அமர்ந்த பின் மீண்டும் அளந்து, தாழ்ந்த இடங்களை இறுக்கி, அதன் பிறகே வேகத்தைப் படிப்படியாக உயர்த்துங்கள். முதல் பெருமழை கழியும்வரை இரவுக் காவலாளரை அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டாம்.