படித்த நாவலைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதுவது எப்படி

ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் பெண் ஒரு நாள், "அக்கா, ட்ரெயின்ல படிக்க லைட்டா ஒரு லவ் ஸ்டோரி சொல்லுங்க" என்று கேட்டாள். காலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ அப்போது என் மேஜையிலேயே இருந்தது. அட்டையில் பூ வேறு. "இதை எடுத்துட்டுப் போ, சூப்பரா போகும்" என்று கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தை மேஜையில் வைத்தவள் ஒன்றும் பேசவில்லை. மதியம் சாப்பிடும்போதுதான், "இதுல புருஷன் அடிக்கறது வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் பொய் சொல்லவில்லைதான், எனக்கு அந்தப் புத்தகம் ஓடத்தான் செய்தது. ஆனால் ‘சூப்பரா போகும்’ என்பதில் அவளுக்குத் தேவையான ஒரு தகவல்கூட இல்லை. அதற்குப் பிறகு ஹாரர், ஃபேண்டஸி, ரொமான்ஸ் எது படித்தாலும் நாலு வரி எழுதி வைக்கிறேன். அந்த நாலு வரியை எப்படி எழுதுகிறேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இலக்கிய விமர்சனம் வேறு, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இது, இன்னொருத்தர் காசும் நேரமும் போட்டுப் படிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவுகிற எழுத்து.

முதல் வேலை, படிக்கும்போதே குறித்துக்கொள்வது. முடித்துவிட்டு எழுதலாம் என்று விட்டால் கடைசி ஐம்பது பக்கம்தான் ஞாபகம் இருக்கும், அது நன்றாக இருந்துவிட்டால் நடுவில் கொட்டாவி விட்ட இருநூறு பக்கத்தையும் மறந்துவிடுவோம். என் போனில் இருக்கும் குறிப்புகள் ரொம்பச் சாதாரணமானவை. ‘மணி ஒன்று, இன்னும் தூங்கவில்லை.’ ‘இந்தப் பெயர் யார்?’ ‘மறுபடியும் தாடையை இறுக்குகிறான்.’ ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ (2023) படித்தபோது முதல் சில குறிப்புகள் எல்லாம் வெறும் மணிக்கணக்கு: 11.40, 12.30, 1.15. புத்தகங்களோடு ஏட்டாளராக இருக்க நினைத்த, எலும்பும் மூட்டும் பலமில்லாத ஒரு பெண்ணை, தளபதியான அம்மாவே டிராகன் வீரர்களுக்கான போர்க் கல்லூரிக்குள் தள்ளிவிடுகிறாள், நுழையும்போதே ஒரு ஒடுக்கமான கல் பாலத்தைக் கடக்க வேண்டும், தவறினால் சாவு. அப்படி ஆரம்பித்தால் யார் கீழே வைப்பார்கள். நடுவில் குறிப்புகள் மாறுகின்றன: ‘எல்லோரும் இந்தக் காலத்து ஹாஸ்டல் பிள்ளைகள் மாதிரியே பேசுகிறார்கள்’, ‘இந்தப் போர் எதற்கு?’ இந்த இரண்டு வகைக் குறிப்பையும் சேர்த்து எழுதினால் அதுவே நேர்மையான கருத்து. வேகத்துக்கு முழு மார்க், உலகத்துக்குப் பாதி மார்க். யார் யாரோடு சண்டை போடுகிறார்கள், ஏன் என்று அட்டையை மூடிவிட்டுச் சொல்லச் சொன்னால் திணறுவேன், ஆனால் இரண்டு மணி வரை விளக்கை அணைக்கவில்லை.

இதே தொடரின் மூன்றாம் புத்தகம் ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வந்து முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் போனதாகச் செய்தி வந்தது. அத்தனை பேருக்குப் பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்க வேண்டாம். அத்தனை பேருக்குப் பிடித்துவிட்டதே என்ற ஒரே காரணத்துக்காகக் கிழிக்கவும் வேண்டாம். இந்த இரண்டாவது வியாதி எனக்கு உண்டு, அதனால் தெரிந்துதான் சொல்கிறேன்.

அடுத்தது, அந்தப் புத்தகம் என்ன தருவதாகச் சொன்னது, அதைத் தந்ததா என்று பார்ப்பது. ரொமான்ஸ் நாவலைப் படித்துவிட்டு "கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று முதலிலேயே தெரிந்துவிட்டது" என்று குறை எழுதுகிறவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. சாம்பார் சாதத்தில் பருப்பு இருக்கிறது என்று புகார் சொல்வது மாதிரி. அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு வைத்திருந்த வரையறையே இரண்டு விஷயம்தான்: காதல் கதை நடுவில் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கையாகவும் இருக்க வேண்டும். ஆக, முடிவு தெரிந்த பயணம் இது, வழி எப்படி இருந்தது என்றுதான் எழுத வேண்டும். எமிலி ஹென்றியின் ‘பீச் ரீட்’ (2020) எடுத்துக்கொள்ளுங்கள். காதல் கதை எழுதுகிறவள் ஒருத்தி, கனமான இலக்கியம் எழுதுகிறவன் ஒருத்தன், மிச்சிகனில் ஏரிக்கரையில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரு கோடைக்காலத்துக்கு ஆளுக்கு ஆள் வகையை மாற்றி எழுதிப் பார்ப்பது என்று பந்தயம். அட்டையைப் பார்த்தால் ஐஸ்கிரீம் மாதிரி இருக்கும், உள்ளே இறந்துபோன அப்பாவின் ரகசியமும் துக்கமும் பாதி இடத்தை எடுத்துக்கொள்கின்றன. எனக்கு அந்தப் பாதிதான் பிடித்தது, பேச்சு மின்னுகிறது. ஆனால் இருவரும் மனம்விட்டு ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்துபோகும் ஒரு சிக்கலைக் கடைசி வரை இழுத்த மாதிரி எனக்குத் தோன்றியது. இப்படி எழுதிவிட்டால், அந்த இழுவை பரவாயில்லை என்பவர் வாங்குவார், எரிச்சல்படுகிறவர் தப்பிப்பார்.

ஹாரருக்கு வேறு கேள்வி. "பயமாக இருந்தது" என்றால் போதாது, என்ன மாதிரி பயம்? ரத்தமா, வீட்டுக்குள் ஏதோ சரியில்லை என்கிற மெதுவான உறுத்தலா, இல்லை சோகமா? கிரேடி ஹெண்ட்ரிக்ஸின் ‘ஹவ் டு செல் எ ஹாண்டட் ஹவுஸ்’ (2023) என்னை இரண்டு விதமாகப் படுத்தியது. பெற்றோர் இறந்த வீட்டை விற்க வந்த அக்காவும் தம்பியும், வீடு நிறைய அம்மா சேர்த்த பொம்மைகள். பொம்மை வரும் இடங்களில் சிரித்துக்கொண்டே நெளிந்தேன். ஆனால் உண்மையில் வயிற்றைப் பிசைந்தது, சொத்தைப் பற்றி அந்த இருவரும் போடும் சண்டைதான். அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று யாராவது இருக்கிறவர்களுக்குப் பேய் தேவையே இல்லை. ‘பொம்மை என்றால் உங்களுக்கு ஆகாதா? வேண்டாம். குடும்பச் சண்டை ஆகாதா? அப்போதும் வேண்டாம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஹாரரில் அடுத்த தொல்லை முடிச்சை அவிழ்க்காமல் எழுதுவது. சில்வியா மொரேனோ-கார்சியாவின் ‘மெக்சிகன் காதிக்’ (2020) 1950களில் நடக்கிறது, மெக்சிகோ சிட்டியின் ஒரு பணக்காரப் பெண், கல்யாணமாகிப் போன உறவுக்காரியிடமிருந்து விசித்திரமான கடிதம் வந்ததும் மலையில் இருக்கும் ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் பழைய வீட்டுக்குப் போகிறாள். இதுவரை சொல்லலாம், ஆரம்பத்திலேயே வந்துவிடும். மெக்சிகோ மலையில் ஆங்கிலக் குடும்பத்துக்கு என்ன வேலை என்று நானும் யோசித்தேன், ரியல் தெல் மோந்தே என்ற ஊரில் பிரிட்டிஷ் சுரங்கக்காரர்கள் நிஜமாகவே குடியேறி, தங்களுக்கென்று கல்லறைத் தோட்டமும் வைத்திருந்தார்கள். இந்த மாதிரி ஒரு வரிப் பின்னணி சொன்னால் முடிச்சும் அவிழாது, படிக்கிறவருக்கு ஒரு பிடியும் கிடைக்கும். என் கருத்து: முதல் பாதி இழுவை, ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் பேசக் கூடாது என்ற விதியே எத்தனை முறை வரும்! கடைசி மூன்றில் ஒரு பங்கு வந்ததும் இழுவைக்குக் காரணம் புரிந்தது. டி. கிங்ஃபிஷரின் ‘வாட் மூவ்ஸ் த டெட்’ (2022) அதற்கு நேர் எதிர், எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய ஒரு சிறுகதையை எடுத்து மறுபடி சொல்லும் குட்டிப் புத்தகம், ஒரே உட்காரலில் முடியும். இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு, கிங்ஃபிஷரே தன் பின்னுரையில் அதைப் பற்றிப் பேசுகிறார், நான் சொல்ல மாட்டேன், நீங்களும் பின்னுரையை முதலில் புரட்டாதீர்கள்.

ஃபேண்டஸிக்குக் கருத்து எழுதும்போது நீங்கள் யார் என்பதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த உலகத்துக்குள் ஒவ்வொருவரும் வேறு கதவு வழியாகப் போகிறோம். ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ (2022) 1830களின் ஆக்ஸ்ஃபோர்டில் நடக்கிறது. வெள்ளிக் கட்டியின் ஒரு பக்கம் ஒரு மொழிச் சொல், மறுபக்கம் இன்னொரு மொழியில் அதற்குச் சமமான சொல், மொழிபெயர்க்கும்போது எது நழுவிப் போகிறதோ அதுவே மந்திர சக்தியாக வெளிப்படும். வீட்டில் ஒரு மொழி, வேலையில் ஒரு மொழி என்று இருக்கும் எனக்கு இந்த யோசனையே புல்லரித்தது, புத்தகத்தை மூடிவிட்டு ‘உரிமை’யோடு பேசுவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று அரை மணி நேரம் யோசித்தேன். ஒரே மொழி தெரிந்தவருக்கு இவ்வளவு கிளர்ச்சி வருமா, தெரியாது. அதனால் இதைச் சொல்லிவிட்டுத்தான் பாராட்ட வேண்டும். அதே சமயம், ஏகாதிபத்தியம் கெட்டது என்று ஆசிரியர் அடிக்குறிப்பு போட்டு வேறு சொல்லிக்கொண்டே இருக்கிறார். அம்மா, புரிந்துவிட்டது, மேலே போங்கள் என்று இரண்டு இடத்தில் குறித்திருக்கிறேன்.

வஜ்ர சந்திரசேகரவின் ‘த செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ (2023) இதற்கு இன்னும் நல்ல உதாரணம். கொழும்புக்காரர் எழுதி, அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் தரப்படும் நெபுலா விருது வாங்கிய நாவல். பிறந்தவுடன் நிழலைப் பிய்த்தெடுத்து, சாமியாரான அப்பாவைக் கொல்வதற்கென்றே அம்மா வளர்த்த ஒருவன் நகரத்துக்கு வருகிறான். கதை எங்கே போகிறது என்று தெரியாமல் அலைகிறது என்று பலர் அலுத்துக்கொண்டார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அடையாள அட்டை, இனவாரியாக ஆட்களைப் பிரித்து வைக்கும் அரசு, முகாம், பௌத்தத்தின் பெயரில் நடக்கும் அரசியல் இதையெல்லாம் செய்தியிலோ குடும்பத்திலோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அலைச்சல் வேறு மாதிரி படும். எனக்குப் பட்டது. கதை புரியாத இடங்கள் எனக்கும் இருந்தன, அதையும் எழுதினேன்.

நட்சத்திரம் பற்றி சுருக்கமாக. வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு நட்சத்திரம் என்றால் அவர்கள் கொடுத்திருக்கும் விளக்கப்படி ‘பரவாயில்லை’ என்றுதான் அர்த்தம், மூன்று என்றால் ‘பிடித்தது’. யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை, இரண்டு போட்டால் சண்டைக்கு வருகிறார்கள். எனவே எண்ணைவிட வாக்கியத்தை நம்புங்கள். பாதியில் விட்டால் எந்த இடத்தில், எதனால் விட்டீர்கள் என்று எழுதுங்கள், நட்சத்திரம் போடாதீர்கள். இலவசப் பிரதி வந்ததென்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். படிக்காத புத்தகத்துக்கு எழுதவே கூடாது என்று சொல்ல வேண்டியிருப்பதே கூத்துதான், ஆனால் 2023இல் எலிசபெத் கில்பர்ட்டின் வெளிவராத நாவலுக்கு, உக்ரைன் போர் நேரத்தில் ரஷ்யாவில் நடக்கிற கதை என்பதற்காக, நூற்றுக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் விழுந்து அவர் வெளியீட்டையே தள்ளிப்போட்டார். அப்புறம், திட்டி எழுதியதில் எழுத்தாளரை டேக் செய்யாதீர்கள்.

ஹூவர் நாவலுக்கு வருகிறேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைப் பிறகு உட்கார்ந்து எழுதினேன்: "பாஸ்டனில் பூக்கடை வைக்கும் லில்லி, அவள் காதலித்துக் கட்டிக்கொள்ளும் டாக்டர், பழைய சிநேகிதன் ஒருவன். கணவன் அடிப்பது விரிவாக வருகிறது, அவளுடைய அப்பா அவள் அம்மாவை அடித்ததும் வருகிறது. காதல் கதை என்று விற்கிறார்கள், அது பாதிதான் உண்மை. அடிக்கிறவனை விட்டு வருவது ஏன் கஷ்டம் என்பதை நன்றாகச் சொல்கிறது, ஆசிரியர் தன் அம்மாவின் வாழ்க்கையிலிருந்து எழுதியதாகக் கடைசியில் சொல்கிறார். டிவி தொகுப்பாளருக்கு எழுதும் டைரிப் பகுதிகள் எனக்கு ஒட்டவில்லை. பயணத்தில் படிக்க வேண்டாம்." 2023 ஜனவரியில் இதே நாவலை வைத்து வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வரப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள் என்பதைப் படித்தபோது, அட்டைப் பூவைப் பார்த்து ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்தப் பெண் நாலு மாதம் கழித்து மறுபடி கேட்டாள். டிராவிஸ் பால்ட்ரீயின் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ (2022) கொடுத்தேன். சண்டை போட்டு அலுத்துப்போன ஓர் ஓர்க் (ஃபேண்டஸிக் கதைகளில் வரும் முரட்டு அரக்க இனம்) பெண், காபி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் காபிக்கடை திறக்கிறாள், பெரிய ஆபத்து எதுவும் இல்லை, மெதுவாக ஒரு காதல் எட்டிப்பார்க்கும், எனக்கு நடுவில் தூக்கம் வந்தது, ஆனால் மனசு லேசாக இருந்தது என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்தாள்.

"எப்படி இருந்துது?"

"ஒண்ணுமே நடக்கலக்கா" என்றாள். "ஆனா நீங்க சொல்லித்தான் குடுத்தீங்க. இவங்க ரெண்டாவது எழுதியிருக்காங்களாமே, இருக்கா?"