டெக்சஸ் சிறு கவுண்டிகளில் விவாகரத்துத் தீர்ப்பின் நகல்: எங்கே தவறு நடக்கிறது?

மறுமணம், கிரீன் கார்டு மனு, குடியுரிமை விண்ணப்பம், இந்தியாவில் ஒரு சொத்து வழக்கு என்று எதற்குப் போனாலும், முன்பு மணமுறிவு ஆனவரிடம் தீர்ப்பின் நகலைக் கேட்பார்கள். ஹூஸ்டனிலோ டாலஸிலோ வழக்கு நடந்திருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆனால் டெக்சஸில் நம் மாவட்டம் போன்ற 254 கவுண்டிகள் உள்ளன. அவற்றில் பல மிகச் சிறியவை. ஜே-1 எனும் பயிற்சி விசாவில் வந்தவர் தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற, மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு நகரத்துக்கு மாறிய நம் மருத்துவர்கள் பலர். அங்கே இருந்தபோது விவாகரத்து நடந்திருந்தால், தாள் இன்னமும் அந்த ஊர் நீதிமன்றத்து அலமாரியில்தான் இருக்கும். அதை எடுப்பது கடினமில்லை. தவறான கதவைத் தட்டுவதில்தான் மாதங்கள் போகின்றன.

முதல் தவறு, மாநில அரசிடம் கேட்பது. ஆஸ்டினில் உள்ள மாநிலச் சுகாதாரத் துறையின் வைட்டல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பிரிவு 1968 முதலான விவாகரத்துகளுக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 20 டாலர் கட்டினால் ‘வெரிஃபிகேஷன் லெட்டர்’ ஒன்று தருவார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும், இந்தத் தேதியில், இந்தக் கவுண்டியில் விவாகரத்து பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. அது தீர்ப்பு அல்ல. தீர்ப்பைக் கேட்கும் இடத்தில் செல்லாது. எந்தக் கவுண்டி என்றே தெரியாதவருக்கு மட்டும் அது நல்ல துப்பு. ‘பதிவு இல்லை’ என்று பதில் வந்தாலும் மனம் தளர வேண்டாம். கவுண்டி அலுவலகம் அனுப்பும் படிவத்தை வைத்துத்தான் அந்த அட்டவணை உருவாகிறது. படிவம் போகாமல் விட்டிருந்தாலோ, பெயரைத் தப்பாகத் தட்டச்சு செய்திருந்தாலோ அட்டவணையில் கிடைக்காது. நீதிமன்றக் கோப்போ பத்திரமாக இருக்கும்.

கவுண்டிக்குள்ளும் இரண்டு கதவுகள் உண்டு. திருமண உரிமம், நிலப் பத்திரம், உயில் வழக்கு எல்லாம் கவுண்டி கிளார்க்கிடம். விவாகரத்து, டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றத்தின் ஆவணங்களைக் காக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். திருமணப் பதிவை வாங்கிய அதே சாளரத்தில் விவாகரத்தையும் கேட்டு, ‘இங்கே இல்லை’ என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். 8,000 பேருக்குக் குறைவாக வாழும் கவுண்டிகளில் இரண்டு வேலையையும் ஒரே கிளார்க் பார்க்க மாநில அரசியல் சட்டம் இடம் தருகிறது. 2020 கணக்கெடுப்பில் வெறும் 64 பேர் இருந்த லவிங் கவுண்டியை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு எழுதும்போது உறையில் ‘கவுண்டி அண்ட் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்’ என்றே குறிப்பிடுங்கள்.

எந்தக் கவுண்டி என்பதிலும் குழப்பம் வரும். திருமணம் எங்கே நடந்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மதுரையில் தாலி கட்டியிருந்தாலும் ஹூஸ்டன் அருகே பியர்லாந்து கோயிலில் கட்டியிருந்தாலும் ஒன்றுதான். டெக்சஸில் விவாகரத்து மனு போட, கணவன் மனைவி இருவரில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதமும், அந்தக் கவுண்டியில் 90 நாளும் வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே மனு போட்ட காலத்தில் இருவரும் எங்கெங்கே குடியிருந்தார்கள் என்று பட்டியல் போட்டுத் தேடுங்கள். பிரிந்தபின் ஒருவர் வேறு ஊருக்குப் போயிருந்தால் அந்த ஊரும் பட்டியலில் வரட்டும். தபால் முகவரியில் உள்ள ஊர்ப் பெயரையும் ஜிப் எண்ணையும் நம்ப வேண்டாம். அவை கவுண்டி எல்லையை மதிப்பதில்லை. சொத்து வரி ரசீதிலோ வாக்காளர் அட்டையிலோ கவுண்டியின் பெயர் அச்சாகியிருக்கும்.

அடுத்து பெயர். நம்மவர்களின் தேடல் அதிகம் முறிவது இங்கேதான். தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கியவர், கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்ததால் விசாவில் முன்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முன்பெயர் தெரியவில்லை) என்று அச்சானவர், கணவர் பெயரைக் கடைசிப் பெயராக எடுத்துக்கொண்டு தீர்ப்பில் பழைய பெயருக்குத் திரும்பியவர் என்று எத்தனையோ வகை. கிளார்க்கின் ஏடு கடைசிப் பெயர் வரிசையில் ஓடுவது. ‘சுப்பிரமணியன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையும் எழுதிக் கொடுங்கள். முன்பெயரையும் கடைசிப் பெயரையும் இடம் மாற்றியும் ஒரு முறை தேடச் சொல்லுங்கள். இருவர் பெயரிலும் தேட வேண்டும். ஒருவர் பெயர் சிதைந்திருந்தாலும் மற்றவர் பெயர் சரியாக இருக்கக்கூடும். வழக்கின் தலைப்பே ‘இன் த மேட்டர் ஆஃப் த மேரேஜ் ஆஃப்’ என்று தொடங்கி இருவர் பெயரையும் தாங்கித்தான் வரும். காஸ் நம்பர் எனப்படும் வழக்கு எண் கையில் இருந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். பழைய வக்கீல் கடிதம், குழந்தை ஆதரவுத் தொகை உத்தரவு ஆகியவற்றின் தலைப்பில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வழக்கு எண் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு பிழை. மனு போட்டபின் சமாதானமாகி ‘நான்சூட்’ கொடுத்து வழக்கைத் திரும்பப் பெற்றிருக்கலாம். யாரும் நடத்தாமல் விட்டதால் நீதிமன்றமே தள்ளுபடி செய்திருக்கலாம். இரண்டிலும் கோப்பு இருக்கும், எண் இருக்கும், விவாகரத்து இருக்காது. பிறகு மறுமணம் செய்தவருக்கு இது குடியுரிமை நேர்காணலில் வந்து இடிக்கும். கேட்க வேண்டியது ‘ஃபைனல் டிகிரி ஆஃப் டிவோர்ஸ்’. அதில் நீதிபதியின் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். ‘டெம்பரரி ஆர்டர்ஸ்’ என்பது வழக்கு நடக்கும்போது போட்ட இடைக்கால உத்தரவு; அதை வாங்கி வந்து பயனில்லை. தேதியையும் கவனியுங்கள். விவாகரத்து வழங்கப்பட்ட நாளிலிருந்து 31ஆவது நாளுக்கு முன், நீதிமன்ற விலக்கு இல்லாமல், மூன்றாமவரை மணக்க டெக்சஸ் சட்டம் அனுமதிப்பதில்லை.

டெக்சஸ் நீதிமன்ற வழக்குகளைத் தேடும் ரீசர்ச்டெக்சஸ் இணையதளத்தில் வரவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மின்வழித் தாக்கல் பெரிய கவுண்டிகளில் 2014இல் கட்டாயமானது. மிகச் சிறிய கவுண்டிகளுக்கு 2016இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கோப்பு பெரும்பாலும் காகிதமாகவோ மைக்ரோஃபிலிமாகவோ இருக்கும். ‘நீதிமன்றக் கட்டடம் எரிந்துவிட்டது, எல்லாம் போச்சு’ என்று ஊரில் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். மேசன் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடம் 2021 பிப்ரவரியில் தீக்கு இரையானது. சீரமைப்புப் பணிக்காக உள்ளே இருந்த ஆவணங்களை முன்பே வெளியேற்றியிருந்ததால் அவை தப்பின.

சின்ன அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். முதலில் தொலைபேசியில் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: தீர்ப்பு எத்தனை பக்கம், சான்றிட்ட நகலுக்கு மொத்தக் கட்டணம் எவ்வளவு, எந்த வடிவில் பணம் அனுப்ப வேண்டும். பக்கத்துக்கு ஒரு டாலர் அளவிலும், சான்றுக்கும் தேடலுக்கும் தனியாகவும் வசூலிப்பது வழக்கம். தனிநபர் காசோலையை வாங்காத அலுவலகங்கள் உண்டு. மணி ஆர்டர் பாதுகாப்பானது. தொகை ஒரு டாலர் குறைந்தாலும் கடிதம் திரும்பி வரும். கடிதத்தில் இருவர் பெயர்கள், தோராயமான ஆண்டு, வழக்கு எண், ‘சர்ட்டிஃபைடு காப்பி’ என்ற சொல், உங்கள் தொலைபேசி எண் இவற்றை எழுதி, உங்கள் முகவரியிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையையும் சேர்த்து வையுங்கள். விவாகரத்துக் கோப்புகள் பொதுவாகப் பொது ஆவணங்கள். ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்ற சட்ட ஆலோசனையைக் கிளார்க்கிடம் கேட்காதீர்கள். சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

நகல் கைக்கு வந்தபிறகும் கெடுத்துக்கொள்ள வழி உண்டு. ஊர்ப் பழக்கத்தில் ஒளிநகல் எடுத்து நோட்டரியிடம் முத்திரை வாங்குகிறார்கள். பொதுப் பதிவில் உள்ள ஆவணத்தின் நகலுக்குச் சான்றளிக்க டெக்சஸ் நோட்டரிக்கு அதிகாரம் கிடையாது. அந்த முத்திரை வீண். ஸ்கேன் செய்வதற்காக ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றாதீர்கள். பக்கம் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகத்தில் நகலையே நிராகரிப்பார்கள்.

இந்தியாவில் காட்ட வேண்டுமென்றால் அப்போஸ்டில், அதாவது ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான சான்றிதழ், தேவைப்படும். அதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா 2005இல் சேர்ந்தது. டெக்சஸில் அதை வழங்குவது ஆஸ்டினில் உள்ள செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம். ஆவணம் ஒன்றுக்கு 15 டாலர். கிளார்க் ஐந்து ஆண்டுக்குள் சான்றிட்டுத் தந்த மூல நகலை அனுப்ப வேண்டும். பெட்டியில் கிடக்கும் பத்தாண்டுப் பழைய நகலை அனுப்பி நாளை வீணாக்காதீர்கள். எந்த நாட்டுக்கு என்பதையும் படிவத்தில் எழுதுங்கள்.

அப்போஸ்டில் கையெழுத்தையும் முத்திரையையும் மட்டுமே உறுதிசெய்யும். தீர்ப்பு இந்தியாவில் செல்லுமா என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பொறுத்தது. இந்து திருமணச் சட்டப்படி மணந்த தம்பதிக்கு அயல்நாட்டு விவாகரத்து எப்போது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் வகுத்தபோது, எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அந்த அயல்நாட்டு நீதிமன்றத்துக்கு உட்பட்டதா என்பதற்குப் பெரிய எடை கொடுத்தது. அதனால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்குக்கு எழுதும் அதே கடிதத்தில், தீர்ப்பின் எல்லாப் பக்கங்களோடு, எதிர்த்தரப்பு தாக்கல் செய்த ‘ஆன்சர்’ (பதில் மனு) அல்லது ‘வேய்வர் ஆஃப் சர்வீஸ்’ (அழைப்பாணை சேர்ப்பிக்கத் தேவையில்லை என்ற ஒப்புதல்), அதுவும் இல்லையென்றால் அழைப்பாணை சேர்ப்பிக்கப்பட்டதைக் காட்டும் ‘ரிட்டர்ன் ஆஃப் சைட்டேஷன்’ ஆகியவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு வாங்குங்கள்.