கீபோர்டு, சுருதிப் பெட்டி, ஆம்ப்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

கீபோர்டு வாங்கி வைத்தால் குழந்தைகள் தட்டித் தட்டியே கெடுத்துவிடுவார்கள் என்று பெரியவர்களுக்கு ஒரு பயம். தட்டட்டும். அடி வாங்குவதற்கென்றே செய்த கட்டைகள் அவை. மின் இசைக்கருவிகள் பெரும்பாலும் வாசிக்காத நேரத்தில்தான் பழுதாகின்றன: கண்ட அடாப்டரைச் செருகும்போது, கரண்ட் போய்த் திரும்பும்போது, மழைக்காலம் முழுக்க அலமாரியில் கிடக்கும்போது, சரஸ்வதி பூஜையன்று பொட்டு வைக்கும்போது. இதிலெல்லாம் பெரியவர்கள் பங்குதான் அதிகம்.

"முனை சரியா நுழையுதே, போதாதா?"

போதாது. கீபோர்டின் அடாப்டர் தொலைந்துவிட்டது அல்லது எரிந்துவிட்டது, வீட்டில் ரவுட்டருடையது ஒன்று சும்மா கிடக்கிறது, முனையும் பொருந்துகிறது. பொதுவாகக் கதை இங்கேதான் தொடங்கும். அந்த வட்ட முனை எல்லா நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், ஆனால் அதன் வழியே வருவது ஒன்றல்ல.

மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலில் வோல்ட். இது அப்படியே பொருந்த வேண்டும். அடுத்தது ஆம்பியர். அடாப்டரில் எழுதியிருப்பது கீபோர்டு கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும் என்பதால் கூடுதலால் கெடுதல் இல்லை. குறைந்தால் அடாப்டர் சூடேறும், சத்தத்தை ஏற்றும்போது கீபோர்டு அணைந்து அணைந்து எரியும். மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை: முனையின் உள்துளை பிளஸ்ஸா, மைனஸா? கருவியின் பின்புறமும் அடாப்டரின் லேபிளிலும் ஒரு சின்னப் படம் இருக்கும். நடுவில் புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம். புள்ளியோடு இணைந்திருக்கும் குறிதான் உள்துளையின் குறி.

காசியோவின் பழைய கீபோர்டுகள் பலவற்றுக்கு 9 வோல்ட், உள்ளே மைனஸ். பின்னால் வந்த மாடல்கள் பலவற்றுக்கு 9.5 வோல்ட், உள்ளே பிளஸ். யமஹாவின் சிறிய கீபோர்டுகளுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட், உள்ளே பிளஸ். பெரியவை சிலவற்றுக்கு 16 வோல்ட். கிட்டார் பெடல்களில் வழக்கமாக 9 வோல்ட், உள்ளே மைனஸ். அக்காவின் பழைய காசியோ அடாப்டரைத் தம்பியின் புதிய காசியோவில் செருகுவதுகூடத் தவறாகப் போகலாம் என்பது இதிலிருந்து தெரியும். சில கருவிகளுக்குள் காப்பு டயோடு இருக்கும், தப்பித்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் இருக்காது.

வோல்ட்டை நகர்த்தி மாற்றும் 'யுனிவர்சல்' அடாப்டர்களை நான் வீட்டுக்குள் விடமாட்டேன். மேசையைத் துடைக்கும்போது கைபட்டு 9 என்பது 12 ஆகிவிடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் எந்த வோல்ட்டிலும் நல்ல அடாப்டர் கிடைக்கும். கருவியின் பின்புற லேபிளைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனால் கடைக்காரருக்கும் ஊகிக்கிற வேலை இல்லை.

அப்புறம் வெளிநாட்டுச் சாமான். அமெரிக்காவிலிருந்து மாமா ஆசையாகத் தூக்கி வந்த ஆம்ப்பை, அதாவது ஒலியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையரை, இங்கே 230 வோல்ட்டில் நேராகச் செருகி, ஐந்தே விநாடியில் புகை பார்த்த குடும்பங்கள் உண்டு. லேபிளில் '100 முதல் 240 வோல்ட்' என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். வெறும் '120 வோல்ட்' என்றால் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஜப்பானுக்காகச் செய்த கருவியென்றால் 100 வோல்ட்.

எர்த் பின்னைக் கழற்றாதீர்கள்

பணத்தோடு போகாமல் உயிர்வரை போகக்கூடிய தவறு இது.

ஆம்ப்பும், பல ஒலிகளைக் கலக்கும் மிக்சரும், லேப்டாப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் அப்படி முனகுகின்றன. கருவிகள் வெவ்வேறு பிளக் பாயின்ட்டுகளில் இருந்து, எர்த் வழியாகவும் கேபிள் வழியாகவும் அவற்றுக்கிடையே ஒரு வளையம் உண்டாகும்போது இது வரும். உடனே யாராவது ஒருவர் யோசனை சொல்வார்: மூன்று பின்னில் அந்தப் பெரிய பின்னைக் கழற்றிவிடு, சத்தம் போய்விடும். போகும், உண்மைதான். கூடவே பாதுகாப்பும் போகும்.

யார்ட்பேர்ட்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப், 1976 மே மாதம் தன் வீட்டில் எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 33. அதற்கு 4 ஆண்டுகள் முன்பு, பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். இருவரும் அனுபவமுள்ள தொழில்முறைக் கலைஞர்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. ஆம்ப்புக்குள் ஒரு வயர் நழுவிச் சட்டத்தைத் தொட்டால், எர்த் இருக்கும்பட்சத்தில் ஃபியூஸ் போகும். கதை அங்கே முடிந்துவிடும். எர்த் இல்லையென்றால் சட்டத்தில் இருக்கும் மின்சாரம் தந்திக்கு வந்து காத்திருக்கும். ஒரு கை தந்தியில், மறு கை மைக்கில். பாதை நெஞ்சு வழியாகத்தான்.

இரைச்சலுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. எல்லாக் கருவியையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பாதி வீடுகளில் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் இடையில் டி.ஐ. பாக்ஸ் என்ற, கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே மாட்டும் சின்னப் பெட்டியை வைத்து, கேபிளின் பக்கம் மட்டும் எர்த் தொடர்பைத் துண்டிக்கலாம். அதில் அதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கும். பிளக்கில் கை வைக்க வேண்டியதில்லை.

பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல்: சுவரில் மூன்று துளை இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனிடம் டெஸ்ட் லாம்ப் வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. வீட்டு மெயினில் இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆம்ப்பையோ மைக்கையோ தொட்டால் சுர்ரென்கிறது என்று குழந்தை சொன்னால், "செருப்புப் போட்டுக்கோ" என்பது பதில் இல்லை. அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

கரண்ட் போகும்போது

கரண்ட் போனதும் நாம் செய்யவேண்டியது ஆம்ப், மிக்சர், கீபோர்டு எல்லாவற்றின் சுவிட்சையும் அணைப்பது. செய்வது மெழுகுவத்தி தேடுவது. திரும்பி வரும் மின்சாரம் முதல் சில விநாடிகள் ஏறி இறங்கி ஆடும். எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு ஸ்பீக்கரில் 'டொம்' என்று அடிக்கும். அந்த அடியில் ஸ்பீக்கர் கெட்டுப்போகலாம். அதே காரணத்துக்காகத்தான் ஸ்பீக்கரையோ ஆம்ப்பையோ எப்போதும் கடைசியில் ஆன் செய்ய வேண்டும், முதலில் ஆஃப் செய்ய வேண்டும். ஒலி அளவைக் கீழே இறக்கிவிட்டு ஆன் செய்யும் பழக்கமும் இதோடு சேர்ந்தது.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருந்தால் கவலையில்லை. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் உறுமும், சூடாகும். அதில் வாசிக்காமல் இருப்பதே மேல். இடி மின்னலுக்கு ஸ்பைக் பஸ்டரை நம்பாதீர்கள். அதற்குள் இருக்கும் பாகம் ஒவ்வொரு அதிர்ச்சியிலும் கொஞ்சம் தேயக்கூடியது. பல ஆண்டு உழைத்த ஸ்பைக் பஸ்டர் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக மட்டுமே மிஞ்சியிருக்கலாம். மழை மேகம் கூடினால் பிளக்கைப் பிடுங்குவதுதான் காப்பு. கீபோர்டு கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தால் அந்த யு.எஸ்.பி. வயரையும்.

ஈரம், எறும்பு, குங்குமம்

ஐப்பசி கார்த்திகையில் சென்னைக் காற்றுக்கு ஒரு கருவி ஆறு வாரம் மூடிக் கிடந்தால், தை மாதம் திறக்கும்போது இரண்டு கட்டைகள் பேசாது. கட்டைக்குக் கீழே ரப்பர் குமிழும் அதன் அடியில் கார்பன் பூச்சும் இருக்கும். ஈரமும் தூசும் சேர்ந்தால் தொடர்பு விட்டுப்போகும். ரிப்பேர்க்காரர் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்தப் பருவத்தில் நல்ல மருந்து, தினமும் கொஞ்ச நேரம் வாசிப்பது. உறை போடுவதென்றால் பருத்தித் துணி போதும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும்.

ஒலி அளவுக் குமிழைத் திருகும்போது 'கரகர' என்றால் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு தூசு ஒட்டிக் களிம்பாகிவிடும். அதற்கென்றே கான்டாக்ட் கிளீனர் விற்கிறது. மேல்பரப்பைத் துடைக்கத் தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் வெளுத்து, எழுத்துகள் அழியும். லேசாக நனைத்துப் பிழிந்த துணி போதும்.

எறும்பும் கரப்பானும் கருவிக்குள் குடியேறினால் பூச்சி மருந்தை உள்ளே அடிக்காதீர்கள், பாச்சை உருண்டையும் போடாதீர்கள். அந்த உருண்டையின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கீபோர்டுக்குப் பக்கத்தில் பிஸ்கட்டும் டீயும் வராமல் பார்த்துக்கொண்டால் எறும்பு ஏன் வரப்போகிறது? டீ கொட்டியே விட்டால் உடனே அணைத்து, அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஆன் செய்வதுதான் கொட்டிய டீயைவிட அதிகம் கெடுக்கிறது. வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும்.

சரஸ்வதி பூஜை விஷயம் கொஞ்சம் சங்கடமானது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் கை, கீபோர்டுக்கும் வைக்கிறது. வைக்கக் கூடாது என்று பாட்டியிடம் யார் சொல்வது? குங்குமப் பொடி கட்டைகளின் இடுக்கில் இறங்கினால் எடுக்க முடியாது. சந்தனம் காய்ந்து உதிர்ந்து அதுவும் உள்ளேதான் போகும். ஸ்பீக்கர் வலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் காகிதக் கூம்பு ஊறிவிடும். பொட்டை உறைமேல் வையுங்கள், அல்லது கட்டைகளுக்கு எட்டாமல் பின்புற ஓரத்தில். ஒரு பூவை மேலே வைத்தால் அம்மனும் கோபிக்கமாட்டாள், போர்டும் பிழைக்கும்.

மறந்துபோன பேட்டரி

பெங்களூரின் ஜி. ராஜ் நாராயண் 1979இல் எலெக்ட்ரானிக் தம்புராவைக் கொண்டுவந்த பிறகு, பாட்டுக் கற்கும் வீடுகளில் மின் சுருதி சாதாரணமாகிவிட்டது. இப்போது போன் செயலி வந்து அந்தப் பெட்டிகளை அலமாரிக்கு அனுப்பிவிட்டது, பேட்டரியோடு சேர்த்தே. தீர்ந்த பேட்டரி மாதக்கணக்கில் உள்ளே இருந்தால் கசிந்து, ஸ்பிரிங்குகளை அரித்து, வயர் வழியே போர்டுவரை போகும். மாதம் தாண்டி வாசிக்கப்போவதில்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்த வெள்ளைப் பூச்சைக் கையுறை போட்டு, வினிகரில் லேசாக நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிடலாம். வயர்லெஸ் மைக்கின் லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அது வேறு கதை: சார்ஜ் போடாமல், குத்தாமல், மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள்.

ஸ்பீக்கரும் காதும்

கிட்டார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். கிட்டார் கேபிளின் உள்வயர் மெல்லியது. ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்கு அதைப் போட்டால் சூடாகும். வீட்டு விசேஷத்துக்கு ஒரே ஆம்ப்பில் நான்கு ஸ்பீக்கர்களை மாட்டுவதும் ஆபத்து. ஸ்பீக்கரின் தடையைச் சொல்லும் ஓம் குறையக் குறைய ஆம்ப்புக்குச் சுமை கூடும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகப் போட்டால் 4 ஓம், நான்கு போட்டால் 2 ஓம். ஆம்ப்பின் பின்னால் '4 ஓம் வரை' என்று எழுதியிருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். கெட்டுப்போன ஆம்ப்பைத் தானே திறந்து பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். கண்ணாடிக் குழாய்கள் உள்ள வால்வ் ஆம்ப் என்றால் அது பல நூறு வோல்ட்.

பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று குழந்தைக்கு ஹெட்போன் வாங்கித் தருகிறோம். நல்லதுதான். ஆனால் ஸ்பீக்கரில் கத்தினால் நமக்குக் கேட்கும், ஹெட்போனுக்குள் கத்தினால் யாருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபல் ஆனால் அதே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஹெட்போன் மாட்டியிருக்கும்போது அருகில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லையென்றால் குமிழைக் கீழே இறக்கி, அந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.