பழைய எஸ்எம்எஸ்களைப் புது போனுக்குக் கொண்டுபோவது எப்படி?

பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புது போனில் போட்டால் உங்கள் எண் கூடவே வந்துவிடும். செய்திகள் வராது. புது போன் வாங்கிய பலர் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான். சிம் கார்டில் சில பத்து செய்திகளுக்கு மட்டுமே இடம் உண்டு, இன்றைய ஸ்மார்ட்போன்கள் அந்த இடத்தைப் பயன்படுத்துவதும் இல்லை. வரும் எஸ்எம்எஸ் எல்லாம் போனுக்குள்ளேயே ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். அதைத் தனியாக எடுத்துத்தான் புது போனில் வைக்க வேண்டும்.

வேலை கடினமில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: செய்திகள் புது போனில் வந்துவிட்டதைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய போனை ரீசெட் செய்யாதீர்கள் (அதாவது, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடாதீர்கள்), யாருக்கும் கொடுக்காதீர்கள். பணம் செலுத்தியதற்கான சான்றையாவது வேறு எங்காவது கேட்டு வாங்கலாம். இப்போது நம்மோடு இல்லாத ஒருவர் எப்போதோ அனுப்பிய "பத்திரமா போய்ச் சேர்ந்தியா?" என்ற ஒரு வரியை யாரிடம் கேட்பது?

புது போனை இன்னும் ஆன் செய்யவில்லையா?

அப்படியென்றால் நல்லது, பாதி வேலை மிச்சம். பழைய ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், கூகுள் என்பதைத் தொட்டு, பேக்கப் (நகல் எடுத்துச் சேமிப்பது) பகுதியைத் திறங்கள். அங்கே எஸ்எம்எஸ் பட்டியலில் இருக்கிறதா, கடைசியாக எப்போது பேக்கப் ஆனது என்று பாருங்கள். 'பேக்கப் நவ்' பொத்தானை அழுத்தி முடியும்வரை காத்திருங்கள். அப்புறம் புது போனை ஆன் செய்து, முதல் அமைப்பின்போது அதே கூகுள் கணக்கில் நுழைந்து, பழைய தரவை மீட்கவா என்று கேட்கும்போது சரி என்று சொல்லுங்கள். அவசரத்தில் 'ஸ்கிப்' அழுத்திவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். புதிய ஆண்ட்ராய்டு பதிப்பில் எடுத்த பேக்கப்பை அதைவிடப் பழைய பதிப்பு ஓடும் போனில் மீட்க முடியாது. அதோடு, பழைய போனை 57 நாள் பயன்படுத்தாமல் வைத்தால் அந்த பேக்கப் அழிக்கப்படலாம். எனவே மேசை டிராயரில் தூங்கும் போனின் பேக்கப் கூகுளில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஏற்கெனவே புது போனைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டீர்களா?

இதற்கு நான் பரிந்துரைப்பது 'எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' என்ற இலவச ஆப். ப்ளே ஸ்டோரில் இதே போன்ற பெயரில் பல ஆப்கள் வரும். சிங்க்டெக் நிறுவனம் வெளியிட்டதா என்று பார்த்து, இரண்டு போனிலும் நிறுவுங்கள்.

1. பழைய போனில் ஆப்பைத் திறந்து, கேட்கும் அனுமதிகளைக் கொடுங்கள். பேக்கப் அமைக்கும் பகுதியில் 'மெசேஜஸ்' என்பதை மட்டும் ஆன் செய்தால் போதும். அழைப்புப் பட்டியலும் வேண்டுமானால் அதையும் ஆன் செய்யலாம்.

2. படங்களோடு வந்த எம்எம்எஸ் வேண்டுமென்றால் கூடுதல் அமைப்புகளில் அதற்கான தேர்வை ஆன் செய்யுங்கள். இதை விட்டால் படங்கள் வராது.

3. எங்கே சேமிப்பது என்று கேட்கும். கூகுள் டிரைவைத் தேர்ந்தெடுப்பது எளிது. முடிந்ததும் எத்தனை செய்திகள் சேமிக்கப்பட்டன என்று காட்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. புது போனில் அதே ஆப்பைத் திறந்து, மெனுவில் 'ரீஸ்டோர்' போய், அதே டிரைவ் கணக்கை இணையுங்கள். பெயர் எஸ்எம்எஸ் என்று தொடங்கி, பின்னால் தேதியும் நேரமும் கொண்ட கோப்பு தெரியும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

5. இப்போது இந்த ஆப்பை உங்கள் முதன்மை மெசேஜ் ஆப்பாக மாற்றவா என்று கேட்கும். பலர் பயந்து பின்வாங்குவது இங்கேதான். பயப்பட வேண்டாம், சம்மதியுங்கள். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல், முதன்மை ஆப்பாக இருப்பது மட்டுமே செய்திப் பெட்டிக்குள் எழுத முடியும். கண்ட கண்ட ஆப்பும் உங்கள் பெயரில் செய்திகளைத் திணிக்காமல் இருக்கத்தான் இந்தத் தடை.

6. மீட்பு முடிந்ததும் உங்கள் வழக்கமான மெசேஜ் ஆப்பையே மறுபடி முதன்மையாக்குங்கள். இதை மறந்தால் புதிதாக வரும் எஸ்எம்எஸ்களில் சிக்கல் வரும்.

பல ஆயிரம் செய்திகள் இருந்தால் நேரம் எடுக்கும். சார்ஜரில் போட்டுவிட்டு, வேறு ஆப்புக்குத் தாவாமல் விட்டுவிடுங்கள். முடிந்த பிறகும் பழைய உரையாடல்கள் ஒவ்வொன்றாகத்தான் தலைகாட்டும். உடனே தெரியவில்லையே என்று மறுபடி மறுபடி ரீஸ்டோர் அழுத்தாதீர்கள்.

ஐபோன் என்றால்

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள் பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப்பை நிறுவி, ஐபோனின் முதல் அமைப்பின்போது ஐபோனில் தோன்றும் குறியீட்டைப் பழைய போனில் உள்ளிட்டால் எஸ்எம்எஸ்ஸும் போய்விடும். ஐபோனிலிருந்து ஐபோனுக்கு என்றால் இரண்டையும் அருகருகே வைத்தாலே அதுவே வழிகாட்டும். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால், முதல் அமைப்பின்போது இரண்டையும் கேபிளால் இணைத்து மாற்றலாம். சிம்மைக் கழற்றும் முன் ஐபோனில் ஐமெசேஜை (ஆப்பிளின் சொந்தச் செய்திச் சேவை) ஆஃப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் உங்கள் புது போனுக்கு வந்து சேராமல் போகலாம்.

வாட்ஸ்அப் இதில் எதிலும் அடங்காது. அது தன் செய்திகளைத் தனியாக வைத்திருக்கிறது, அதற்குள்ளேயே பேக்கப் எடுக்க வேண்டும்.

சரிபார்த்த பிறகே ரீசெட்

குறித்து வைத்த எண்ணோடு, மீட்டபோது காட்டிய எண்ணை ஒப்பிடுங்கள். அப்புறம் உங்களுக்கு மிக முக்கியமான ஒருவரின் உரையாடலைத் திறந்து மேலே மேலே தள்ளி, முதல் செய்திவரை போங்கள். பழைய போனில் இருக்கும் அதே தேதி, அதே வரி இருக்கிறதா? படம் வந்த செய்தி ஒன்றையும் திறந்து பாருங்கள்.

பேக்கப் கோப்பு டிரைவில் அப்படியே இருக்கும். தனியாகப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டாவிட்டால், அதைக் கணினியில் திறக்கும் எவரும் எண், தேதி, செய்தி என்று வரிவரியாகப் படித்துவிட முடியும். வங்கிச் செய்திகளும் அதில்தான் இருக்கின்றன. அதனால் அந்தக் கோப்பை யாரோடும் பகிராதீர்கள். பொதுக் கணினியில் பதிவிறக்கவும் வேண்டாம். இதெல்லாம் முடிந்த பிறகு பழைய போனை ரீசெட் செய்யலாம்.