கம்பளத்தில் இறங்கிய செம்மண்

காரைக்குடி வீட்டில் ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரைக்கு ஒரு ஈரத்துணி போதும். வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய அறையில் விரித்திருக்கும் கம்பளம்தான் தொல்லை. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, குனிந்து கூட்ட முடியாது. அதனால் நின்றபடி தள்ளும், இரண்டரைக் கிலோ வாக்குவம் கிளீனர் வாங்கினேன். முதல் மாதம் நன்றாக இழுத்தது. பிறகு மேலே கிடக்கும் நூலும் முடியும் மட்டுமே வந்தன. கம்பளத்தை உதறினால் செம்மண் புழுதி கொட்டியது.

“மிஷின் சத்தந்தான் போடுதப்பா, மண்ணு அப்படியே கிடக்கு” என்றார் அப்பத்தா.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பக்கம் திறந்தேன். பிரஷ் உருளையில் தலைமுடி கயிறுபோல் இறுகி, அது சுழலவே இல்லை. இழைக்குள் இறங்கிய மண்ணைக் கிளப்பித் தருவது அந்த பிரஷ்தான். சின்ன மோட்டாரின் உறிஞ்சல் மட்டும் போதாது. முடியைக் கத்திரியால் வெட்டி எடுத்தேன். ஃபில்டரைக் கழுவி ஒரு நாள் முழுக்க நிழலில் காயவைத்தேன். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி அடைத்துக்கொள்ளும்.

இப்போது ஒரே இடத்தில் நான்கைந்து முறை, மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளுகிறேன். நல்ல வித்தியாசம். அடிமண்ணுக்கு மாதம் ஒருமுறை கம்பளத்தைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டு அடிக்கிறோம். தடித்த கம்பளம் வீடு முழுக்க வைத்திருப்பவர்களுக்கு இந்த இலகு வகையை நான் சொல்லமாட்டேன்.