பொலிஸ் அலைவரிசை கேட்காவிட்டால் பொலிஸ் பதிவேட்டைக் கேளுங்கள்

கிளிநொச்சியில் வானொலி திருத்தும் கடை வைத்திருப்பதால், கணினியில் செருகும் சிறிய அலைவாங்கியோடு இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். "அண்ணை, இதில் பொலிஸார் கதைப்பது கேட்குமா?" என்பதே கேள்வி. அவர்களுடைய கவலை நியாயமானது. இரவில் ஆற்றில் மணல் ஏற்றும் டிப்பரைப் பற்றி பொலிஸ் அவசர இலக்கமான 119க்குச் சொன்னால், பொலிஸார் வந்து சேரும்போது அங்கே சக்கரத்தடம் மட்டுமே இருக்கிறது. தகவல் எப்போது போனது, யார் எப்போது புறப்பட்டார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள்.

அலைவரிசையை நாடாதீர்கள். இலங்கையின் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, பிறருக்கான செய்தியின் உள்ளடக்கத்தைச் சட்டவிரோதமாக அறிய முயல்வது குற்றம். மறைகுறியாக்கம் செய்த, அதாவது இரகசியச் சாவி எண் உள்ளவருக்கு மட்டும் புரியும்படி மாற்றிய, டிஜிட்டல் தொடர்பில் அலைவரிசை எண் தெரிந்தும் பயனில்லை. சாவி இல்லாத கருவியில் இரைச்சல்தான் வரும். 256 பிட் சாவியை ஊகித்துத் திறக்கும் கணினி உலகில் எவரிடமும் இல்லை.

அமெரிக்காவில் பொலிஸ் உரையாடலைப் பொதுமக்கள் நெடுங்காலம் கேட்டு வந்தார்கள். அங்கேயும் கதவுகள் மூடப்படுகின்றன. சிக்காகோவில் இப்போது 30 நிமிடத் தாமதத்தோடுதான் கேட்கலாம். நியூயோர்க் 2023இல் மூடத் தொடங்கியது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரமோ 2021இல் மூடியதை மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2022இல் திறந்தது. பாதிக்கப்பட்டவரின் பெயரும் முகவரியும் ஊரெங்கும் ஒலிக்கக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பொலிஸார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பது எவருடைய அந்தரங்கமும் அல்ல.

அந்த நேரத்தைப் பெற நமக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் அது நடைமுறையில் உள்ளது.

முதலில் உங்கள் பக்கத்துச் சான்றைக் காப்பாற்றுங்கள். 119க்கு அழைத்தவுடன் திகதி, நேரம், இடம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்; தொலைபேசியின் அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள்.

அந்தச் சட்டத்தின் கீழ் பொலிஸாரிடம் தகவல் கேட்கும் விண்ணப்பத்தை எழுதும் விதத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. "ஏன் தாமதமாக வந்தீர்கள்?" என்று எழுதினால், "அவ்வாறான பதிவு எம்மிடம் இல்லை" என்ற பதில் வரும். பதிவில் இருக்கக்கூடியதைக் கேளுங்கள். "இன்ன திகதி இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் இன்ன கிராமம் பற்றி வந்த அழைப்பு பதிவான நேரம், அது நிலையத்துக்கு அறிவிக்கப்பட்ட நேரம், அலுவலர்கள் புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், இவை உள்ள பதிவுப் பக்கங்களின் பிரதி" என்று எழுதினால் நழுவ இடமில்லை. முறைப்பாட்டாளர்களின் பெயர்களைக் கேட்க வேண்டாம். பெயர்களை மறைத்து மீதியைத் தந்தால் போதும் என்று நீங்களே எழுதுங்கள். பகுதியாகத் தகவல் வழங்கச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இடமளிக்கிறது.

காரணம் சொல்லத் தேவையில்லை. யாராவது "எதற்கு?" என்று கேட்டால், 24ஆம் பிரிவைப் பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள். எழுத முடியாத முதியவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதை எழுத்தில் ஆக்கித் தருவது, விண்ணப்பங்களை ஏற்கும் தகவல் அலுவலரின் கடமை. தமிழிலேயே எழுதுங்கள். அந்த நிலையத்துக்குப் பொறுப்பான தகவல் அலுவலர் யார் என்று விசாரித்து அவருக்கே நேரில் கொடுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிடைத்ததற்கான எழுத்து அத்தாட்சி இல்லாமல் திரும்பாதீர்கள். பின்னால் வரும் எல்லா நாள்கணக்கும் அந்தத் தாளில்தான் தொடங்குகிறது.

14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் வர வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ, 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டைக் கேட்க நியமிக்கப்பட்ட 'குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம்' மேன்முறையீடு செய்யுங்கள்; அவருக்கு மூன்று வாரம் உண்டு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். குற்ற விசாரணைக்குப் பாதகம் என்று சொல்லி மறுப்பதே வழக்கமான காரணமாக இருக்கும். பொதுநலன் மேலோங்கினால் வெளியிட வேண்டும் என்கிற 5(4) பிரிவை மேன்முறையீட்டில் குறிப்பிட்டு, ஆறு கரைந்தால் யாருடைய வயலும் கிணறும் பாதிக்கப்படும் என்பதை விரிவாக எழுதுங்கள்.

மணல் விடயம் காத்திருக்கலாம். உங்கள் உயிரோ தனிநபர் சுதந்திரமோ சம்பந்தப்பட்ட நிலை வேறு. விண்ணப்பிப்பவரின் உயிர், தனிநபர் சுதந்திரம் தொடர்பான விண்ணப்பத்துக்கு 48 மணித்தியாலங்களுக்குள் பதில் தர வேண்டும். அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதி, கொடுத்த நேரத்தையும் அத்தாட்சியில் குறிக்கச் சொல்லுங்கள்.